எதிர்த்தரப்பு நாற்காலி

வாசலிலேயே இமோஜீனிடம் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போட்டுக்கொள்ளும் சிவப்புத் தொப்பி. அலபாமாவிலிருந்து வாஷிங்டன் வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கள் ஆய்வுக் குழு எந்தக் கட்சியையும் சாராதது. சிவப்பு ஒரு கட்சி, நீலம் இன்னொரு கட்சி, ஆகவே கட்டடத்துக்குள் இரண்டுமே ஆகாது. நானும் பல வருஷமாகச் சாம்பல் நிறத்தையே உடுத்திக்கொண்டு திரிகிறேன். அதைப் பெரிய நாகரிகம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளைப் பேச வரவழைத்தவள் நான். அவள் மகன் டாரில் மரண தண்டனைக் கைதி. அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ரத்தக்கறைச் சட்டையை, வைக்க இடமில்லை என்று அவன் ஊர் மாவட்ட அதிகாரிகள் எரித்துவிட்டார்கள். சாட்சியப் பொருளை அப்படி அழிப்பது அரசியலமைப்புக்கு விரோதமா என்பதுதான் அன்றைக்குக் குழுவின் முன் இருந்த கேள்வி. ஆமாம் என்று இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து சொன்னால் அலபாமா ஆளுநர் தண்டனையை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. ஒரு கட்சி மட்டும் சொன்னால் அது குப்பைக்குத்தான் போகும்.

உள்ளே போகும் நேரத்தில் இயக்குநர் ஹாலவே வெளியே வந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. அவருக்கு எதற்கும் அளவாக வருத்தப்படத் தெரியும்.

"எதிர்த்தரப்புல பேச வேண்டிய பழைய அரசு வக்கீல் வரல, நோரீன். சிகாகோல பனி. அவர் இல்லன்னா இந்தம்மாவும் பேச முடியாது. ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் பேச்சுங்கற ரூல் உங்களுக்கே தெரியும்."

"அடுத்த கூட்டம்?"

"வசந்த காலத்துல."

டாரிலுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருந்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம். சமநிலையாம், சமநிலை. சாப்பாட்டு மேசையில் ரொட்டித் துண்டைக்கூட இரு பக்கமும் சமமாக அடுக்கும் கூட்டம் இது. ஒருத்தன் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது, இவர்கள் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும்தானே பார்த்தேன் இத்தனை காலம், வெட்கமில்லாமல்.

இமோஜீன் தொப்பியின் ஓரத்தை நீவிவிட்டாள். "என் புள்ளையக் கொல்றதுக்கு மட்டும் ரெண்டு பக்கமும் வரணும்னு யாரும் காத்திருக்க மாட்டாங்க போல," என்றாள். குரலை உயர்த்தவில்லை.

"எதிர்த்தரப்பு வந்தாச்சு," என்றேன். "நான்தான்."

"நீங்க ஊழியர். எந்தப் பக்கமும் பேசக் கூடாது. பேசினா இன்னிக்கே வீட்டுக்குப் போகணும். வேணாம் நோரீன்."

"போறேன். என் தம்பிய ஒருத்தன் கடை வாசல்ல வச்சுச் சுட்டுக் கொன்னான். சுட்டவன் சாகணும்னுதான் இன்னைக்கு வரைக்கும் வேண்டிக்கிட்டிருக்கேன். நீங்க கேட்டதில்ல, நான் சொன்னதில்ல. இதவிட உங்களுக்கு எதிர்த்தரப்பு எங்க கெடைக்கும்?"

அது பொய்யில்லை. அவள் மகனுக்காகத்தான் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறேன், ஆனால் வாயைத் திறந்தால் உண்மையாகவே அவளுக்கு எதிராகத்தான் பேசுவேன்.

ஹாலவே உள்ளே போனார். குழுவிலிருந்த இரு கட்சித் தலைவர்களும் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுப்பது திறந்த கதவு வழியே தெரிந்தது. விதியில் ஓட்டை எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது, எங்களைக் கூப்பிட்டார்கள்.

சாட்சிகளுக்கு ஒரே மேசை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி. எனக்கான நாற்காலியில் இமோஜீன் தொப்பியை வைத்திருந்தாள். நான் நெருங்கியதும் அதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை யாரும் கழற்றச் சொல்லவில்லை.

உட்கார்ந்தேன். அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"உன் தம்பி பேரு என்ன, கண்ணு?"

இந்தக் கட்டடத்தில் யாரும் கேட்காத கேள்வி. "கேலப்," என்றேன்.

"கேலப்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.