செல்லாத இருபத்தாறு

துணி ஆலையின் ஸ்டோர் ரூமில் அன்று ஓட்டு எண்ணிக்கை. எண்ணியவர் ஸ்டோர் கீப்பர். ஆலையில் அவருக்குப் பட்டப்பெயர் 'சட்டம்'. புது ஊசி கேட்டால், உடைந்த ஊசியின் இரண்டு துண்டையும் கண்ணில் காட்டினால்தான் தருவார். அந்தக் கறாரைப் பார்த்துத்தான் தொழிலாளர் பிரதிநிதித் தேர்தலுக்கு அவரையே அதிகாரியாகப் போட்டார்கள்.

போட்டி இரண்டு பேருக்குள். ஒருவர் ஆபீஸ் டிரைவர். மற்றவர் சாயப் பிரிவின் பெரியக்கா. ஜெயித்தால் சாய ஆவியை வெளியே இழுக்கும் மின்விசிறி வைக்காமல் விடமாட்டேன் என்று சொல்லித்தான் அவர் நின்றார். அங்கே முப்பது பெண்கள் கொதிக்கும் தொட்டியோரம் நின்று நாள் முழுக்க இருமுகிறார்கள். அவர்களில் ஒருத்தி சட்டத்தின் சொந்த மனைவி.

எண்ணிக்கையைப் பார்க்கச் சாயப் பிரிவிலிருந்து யாரும் வரவில்லை. தொட்டியைப் பாதியில் விட்டால் துணி திட்டுத் திட்டாகிவிடும். சாட்சிக்கு வாட்ச்மேன் மட்டும் இருந்தார்.

ஏழாவது சீட்டை விரித்த சட்டம் முகம் சுளித்தார். பெரியக்கா பெயருக்கு நேரே பேனாக் குறி சரியாகத்தான் இருந்தது. ஓரத்தில் மட்டும் நீலமாக ஒரு கட்டைவிரல் தடம்.

"இது செல்லாது."

"ஏன் சார், குறி ஒழுங்காத்தானே இருக்கு?"

"போட்டது யாருன்னு காட்டுற அடையாளம் சீட்டுல இருக்கக் கூடாது. ரூல்."

"அது சாயம் சார். கழுவினா போயிடுமா?"

"ஓட்டுப் போட வர்றவங்க கையைச் சுத்தம் பண்ணிட்டு வரணுமா இல்லையா?"

நீலம், பச்சை, சிவப்பு. அப்படித் தடம் பட்ட சீட்டு வர வர, ஒரு பட்டன் டப்பாவுக்குள் போட்டார். மொத்தம் இருபத்தாறு. நடுவில் டிரைவருக்குக் குறி போட்ட ஒரு சீட்டு டீ கிளாஸின் வட்டக் கறையோடு வந்தது. கிளாஸில் டீ குடிப்பது ஆபீஸ்காரர்கள் மட்டும்தான். "டீதானே" என்று அதை டிரைவரின் சீட்டுக் கட்டோடு சேர்த்தார். இருபத்தாறு செல்லாது, பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் டிரைவர் வெற்றி என்று தாள் எழுதி கேட்டில் ஒட்டியாயிற்று.

சாயங்காலம் வீட்டில் மனைவி வாளித் தண்ணீரில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். விரலெல்லாம் வெடித்திருந்தது.

"என்ன இது?"

"நேத்து பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சேங்க. எங்க பிரிவுல எல்லாருமேதான். சீட்டு அழுக்காயிடக் கூடாதுன்னு பாத்தோம். தோல் போச்சு, சாயம் போகல." அவள் ஒரு மூச்சு இருமி முடித்தாள். "இருபத்தாறு செல்லாதுன்னு போட்டிருக்கே, எங்களுக்கு ஒரு குறி போடக்கூடவா தெரியல? 'நாந்தான் உங்களுக்குச் சரியாச் சொல்லித் தரல'ன்னு பெரியக்கா ஒரே அழுகை."

சட்டம் நினைத்தால் மறைத்திருக்கலாம். ஆனால் அந்த விரல்களைப் பார்த்தபின் முடியவில்லை. தடம், டப்பா, டீக்கறை, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே உடம்பு கூசியது. தன் வீட்டுக் கையையே அழுக்கு என்று தள்ளியிருக்கிறோமே!

"மன்னிச்சிரும்மா."

"நான் ஒருத்தி மன்னிச்சா ஆச்சா? மிச்சப் பேர்? போய் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

காலையில் ஷிப்ட் தொடங்குமுன் கேட்டில் நின்று அந்தத் தாளைக் கிழித்தார். மேனேஜர் ஓடிவந்தார்.

"ஒட்டின ரிசல்ட்டைக் கிழிக்க எந்த ரூல்ல இடமிருக்கு?"

"டீக்கறைக்கு இல்லாத ரூலை நான் சாயக்கறைக்கு மட்டும் போட்டேன் சார். அதுக்கும்தான் எதுலயும் இடமில்ல." பிறகு கேட்டில் கூடியிருந்த சாயப் பிரிவுப் பெண்கள் பக்கம் திரும்பினார். தலை நிமிரவில்லை. "நீங்க யாரும் தப்பாப் போடல. தப்பா எண்ணினது நான்."

எல்லார் கண்முன்னாலும் டப்பாவைத் திறந்து எண்ணினார். இருபத்துநாலு பெரியக்காவுக்கு, இரண்டு டிரைவருக்கு. பெரியக்கா பதினொரு ஓட்டில் ஜெயித்தார். யாரும் கைதட்டவில்லை.

பெரியக்கா முன்னால் வந்தார். "வாயால சொன்னா நாளைக்கு மறந்துடும் தம்பி. கிழிச்ச எடத்துலயே எழுதி ஒட்டுங்க."

அங்கேயே நின்று எழுதினார். காற்றில் பறந்த தாளை மனைவி பிடித்துக்கொடுத்தாள். ஓரத்தில் அவள் விரல் நீலம் படிந்தது. அதை அவர் துடைக்கவில்லை. அப்படியே ஒட்டினார். தாளில் இருந்தது இதுதான்:

"மேசையிலிருந்து வந்தாலும் தொட்டியிலிருந்து வந்தாலும் ஓட்டு ஒன்றுதான். எண்ண உட்கார்ந்தவனுக்கு ஓட்டை எண்ணத்தான் உரிமை. போட்ட கையை எடைபோட உரிமையில்லை."