படித்துக் காட்டாத மாலை

பள்ளியின் உளவியலாளர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"சராசரி மேடம். சந்தோஷப்படுங்க."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. மகளுக்கு இந்த ஒரு சோதனை வைக்கச் சொல்லிப் பள்ளிக்கு நடையாய் நடந்திருந்தேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். நிலா ஏன் நம் கூடவே வருகிறது என்று கேட்பாள். நான் யோசிப்பதற்குள் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். ஆனால் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னால், ஒரு வரி முடிவதற்குள் முகம் வியர்த்துவிடும்.

நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அடிபட்ட கையை நேராக வைத்து ஒரு படம் எடுப்போம், பக்கவாட்டில் திருப்பி இன்னொன்று. முதல் படத்தில் எலும்பு முழுசாகத் தெரியலாம். விரிசல் இரண்டாவதில்தான் கண்ணில் படும். அந்தப் பழக்கத்தில் கேட்டேன்:

"ஒவ்வொரு பகுதியா பிரிச்சுக் காட்டுவீங்களா?"

காட்டினார். வரைபடத்தில் யோசிக்கும் திறனுக்கான பட்டை தாளின் மேல்விளிம்பைத் தொட்டது. படிக்கும் வேகத்துக்கானது தரையோடு தரையாகக் கிடந்தது. கொதிக்கும் நீரையும் ஐஸ் நீரையும் கலந்தால் வெதுவெதுப்பாகிவிடும். அதில் விரலை விட்டுப் பார்ப்பவருக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. சராசரி என்பது அப்படித்தான் வேலை செய்கிறது.

"எனக்கும் புரியுது மேடம்," என்றார் அவர். "இது சின்ன டெஸ்ட். முழு டெஸ்ட் வெச்சா, பரீட்சையில கூடுதல் நேரம், கேள்வியைப் படிச்சுச் சொல்ல ஒரு ஆள், எல்லாம் வாங்கித் தரலாம். ஆனா வகுப்புல பின்தங்கினாத்தான் அதுக்கு அனுப்ப முடியும். இவதான் எல்லாத்துலயும் பாஸ் ஆயிடுறாளே! எப்படித்தான் பாஸ் பண்றா?"

"தினமும் பாடத்தை நான் படிச்சுக் காட்டுவேன். ஒரு தடவை கேட்டா போதும், அப்படியே பதிஞ்சுடும். கேள்வியில ஒரு சொல் பிடிபட்டா மீதியை ஊகிச்சு எழுதிடுவா."

அவர் பேனாவை மூடினார்.

"அதான் அவ கஷ்டத்தை மறைக்குது."

கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த பரீட்சை வரைக்கும் நிறுத்திப் பாருங்க. நான் சொன்னதா வெளிய சொல்லிடாதீங்க."

"நிறுத்தலேன்னா?"

"மேல போகப் போகப் பாடம் பெருசாகும். அப்ப நீங்க படிச்சுக் காட்டியும் தாங்காது. சோம்பேறின்னு முத்திரை குத்திடுவாங்க."

மாலையில் வாலு அறிவியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, என் மடியில் தலைவைத்துப் படுத்தாள்.

"ம், ஆரம்பி."

"இனிமே நான் படிக்க மாட்டேன்டி."

"தொண்டை வலியா?"

இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். மேலே போன பட்டை, கீழே கிடந்த பட்டை, நடுவில் வந்த சராசரி. கேட்டு முடித்து எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்போ நான் ஃபெயிலாகணும். எத்தனை மார்க் வேணும்? சொல்லு, கரெக்டா எடுத்துத் தரேன்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"நடிக்க வேண்டாம். நீயா படி. வர்றதை எழுது."

"அது நடிக்கிறதை விட மோசம்மா. எல்லாரும் பாப்பாங்க."

"ஆமா."

"சரியான ராட்சசி நீ."

"ஆமா."

புத்தகத்தைத் திறந்து முதல் சொல்லின் கீழ் விரலை வைத்தாள். "தா... வ..." நின்றாள். மறுபடி "தா..." என்று தொடங்கி என்னைப் பார்த்தாள். 'தாவரங்கள்' என்ற சொல் என் நாக்கின் நுனியில் இருந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் கண் நிறைந்தது. என் கை அதைத் துடைக்கப் போகவில்லை. ஏனென்று எனக்கே தெரியவில்லை.

சன்னலில் வெளிச்சம் குறையும்போது இரண்டு வரி தாண்டியிருந்தாள். புத்தகத்தை மூடினாள்.

"மீதியை நாளைக்குத் தோத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.