பதினோராவது பேச்சு

முத்துச்சாமி அண்ணன் உண்மையைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பும் பதிவாகிவிட்டது.

பழனி ரோட்டில் டயர் கடைக்கு மேலே என் பதிவு அறை. மில்லில் நைட் ஷிப்ட் வேலையைப் பாதியில் உதறிவிட்டுப் போட்ட கடை. ஆட்டோவில் கட்டி ஓட்டும் விளம்பரம், காதுகுத்து அழைப்பு, கண்ணீர் அஞ்சலி. மூன்றையும் ஒரே தொண்டையில் பேசுவேன். யார் மேலும் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

அண்ணனுக்கு எழுபத்தொரு வயது. நாற்பது படங்களில் உதை வாங்கியவர். ஊருக்கு ஒரே ஒரு காட்சிதான் ஞாபகம். பிணமாகப் படுத்திருப்பார். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. பாடையைத் தூக்கும்போது எழுந்து உட்கார்ந்து, "என் செருப்பு எங்கப்பா?" என்பார். பஸ் ஸ்டாண்டில் அவர் டீ குடிக்க நின்றால்கூட எவனாவது அதைக் கத்துவான். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிடுவார்.

நான்கு வருடமாகப் பட வாய்ப்பு இல்லை. ஆல்பம் போடலாம் என்று வந்தார். பாட்டு, பின்னணி இசை எதுவும் கிடையாது, வெறும் பேச்சு. பல்செட், சர்க்கரை வியாதி, தன்னை அடித்த கதாநாயகர்கள் என்று பத்துப் பேச்சுகளை முடித்திருந்தோம். பதினோராவதை எழுதி எடுத்து வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பொள்ளாச்சிப் பக்கம் ஷூட்டிங். பாடையில படுத்திருக்கேன். மேனேஜர் காதுல வந்து சொல்றான், அண்ணே, உங்க வீட்டுக்காரம்மா இறந்துட்டாங்களாம், போன் வந்துச்சுன்னு. நான் கேட்டேன், ஏம்ப்பா, இங்க நான்தானே செத்திருக்கேன், அவ எதுக்கு?"

அங்கேதான் சிரித்தேன். அவர் நிறுத்தவில்லை.

"ஒரே ஷாட்டுண்ணேன்னாங்க. ஏழு டேக் போச்சு. எந்திரிச்சுப் போயிருக்கலாம். கால் பெருவிரலை மட்டும்தான் கட்டியிருந்தாங்க, அதுவும் சும்மா. போகல. சீன் நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு. எங்க ஊரு எரியோட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள பேச்சாயியை எடுத்துட்டாங்க. போன் சேதி கிடைக்கலன்னு மககிட்ட சொன்னேன். கிடைச்சுச்சு."

ஹெட்போனைக் கழற்றினார். "சிரிச்சேல்ல?"

"தெரியாமச் சிரிச்சிட்டேண்ணே. இன்னொரு டேக் போவோம்."

"டேக்குன்னு சொன்னா மூஞ்சியிலேயே வைப்பேன். இருக்கட்டும். ஊரும் அப்படித்தான சிரிச்சுச்சு."

மகள் இசைவாணிக்கு வேடசந்தூரில் தையல் கடை. தாயின் கடைசி முகத்தைப் பார்க்க வராதவரோடு ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. வெளியிடுவதற்கு முன்னால் அவள் கேட்க வேண்டும் என்றார். "நீ அனுப்பு அப்பு. நான் அனுப்புனா கேக்காமலே அழிச்சிருவா."

அனுப்பினேன். மறுநாள் பதினோரு மணிக்கு அவளே படியேறி வந்தாள். அண்ணன் எழுந்து நின்றார். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"சிரிச்சது யாரு?"

"நான்தாங்க."

"உங்க வீட்டுல இழவு விழுந்தா சொல்லியனுப்புங்க. நான் வந்து சிரிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் அப்பாவிடம் திரும்பினாள்.

"போன் வந்தது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? அம்மா நெத்தியில சந்தனத்தைத் தொட்டுக் காசு வச்சது நான். எடுத்து முடிஞ்சதும் நீ வந்து எறங்குற, உன் நெத்தியிலயும் காசு ஒட்டுன வட்டம். அரைகுறையாத் தொடச்சிருந்த. உயிரோட இருக்குறவன் நெத்தியில அது எப்படி வரும்னு ஆறு மாசம் மண்டையக் குடைஞ்சேன். படம் வந்துச்சு. தியேட்டரே சிரிச்சுச்சு."

"தெரிஞ்சும் ஏம்மா கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். ஒம்பது வருசம். கடைசியில இந்த இரும்புக்கிட்ட சொல்லியிருக்க." மைக்கைக் காட்டினாள். "அதுவும் ஜோக்கோட."

"எனக்கு அப்படித்தாம்மா பேச வருது."

"இதைப் போட்டா என்னாகும் தெரியுமா? பாவம் மனுசன், எம்புட்டு வேதனைன்னு ஊரு எழுதும். நீ நல்லவனாயிருவ. நான் அப்பனை மன்னிக்காத மக. போடுறதா இருந்தா மொதல்ல வீட்டுக்கு வா. அம்மா போட்டோ முன்னாடி நின்னு எனக்குச் சொல்லு. ஜோக் இல்லாம. முடியலன்னா இதையும் போடாத, என் வீட்டுப் பக்கமும் வராத."

இறங்கிப் போய்விட்டாள். அண்ணன் மைக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு டேக் படுத்துக் கிடந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. எனக்கு வெறி வந்தது.

"இன்னும் எதுக்குண்ணே உக்காந்திருக்கீங்க? போங்க."

போனார், வெறுங்காலோடு. கீழே டயர் கடையில் ஒருவன், "அண்ணே, செருப்பு எங்கப்பா?" என்று கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் இந்த முறை கும்பிடவில்லை, திரும்பவும் இல்லை. நான் செருப்பை எடுத்துக்கொண்டு இறங்கி, கத்தினவனின் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"இந்தா இருக்கு. வேணுமா?"

சிரிப்பு நின்றது. அதற்குள் அண்ணன் ஏறிய பஸ் கிளம்பிவிட்டது.

இரண்டு நாள் கழித்து வந்தார். சட்டையில் மஞ்சளாகக் குழம்புக் கறை.

"சொன்னேன். பாதியில ஜோக் வந்துருச்சு. வெஞ்சனக் கிண்ணத்தைத் தூக்கி எறிஞ்சா. மொதல்ல இருந்து சொல்லுன்னா."

"சொன்னீங்களா?"

"மூணாவது தடவைதான் ஜோக் இல்லாம வந்துச்சு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சட்டையைக் கழட்டிக் குடு, தொவைச்சுத் தாரேன்னா. நான்தான் குடுக்கல." கம்ப்யூட்டரைக் காட்டினார். "பதினொண்ணை அழிச்சிரு."

"அதுதாண்ணே இருக்குறதுலயே நல்ல பேச்சு."

"தெரியும். அழி."

என் சிரிப்போடு சேர்த்து அழித்தேன். நகல் எதுவும் இல்லை என்று காட்டும்வரை அவர் நகரவில்லை.

பத்துப் பேச்சுகளோடு ஆல்பம் வெளிவந்தது. முதல் நாளே ஒருவன் கமெண்ட்டில் எழுதியிருந்தான்: 'செருப்புக் காமெடி எங்கப்பா?'

அவனை பிளாக் செய்தேன்.