எந்தக் கால் என்று கேட்டேன்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. திருச்செங்கோடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. ஈரோடு பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் டீ சொல்லிவிட்டு அச்சுப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தவர் என் தாள்களைப் பார்த்தார். "நீங்க எழுதறவிங்களாங்க?" என்று கேட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார். சொல்லி முடித்ததும் என்னிடம் ஒரே ஒரு பதில் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் என் முகத்தில் விழிக்க மாட்டீர்கள்.

அவருக்குச் சின்னராஜ் என்று பெயர் வைத்திருக்கிறேன். நாற்பத்தாறு வயது. மருந்து கம்பெனியில் மெடிக்கல் ரெப். நாமக்கல்லும் ராசிபுரமும் திருச்செங்கோடும் அவருடைய ஏரியா. டாக்டர்களுக்கு 'ராஜ்', கம்பெனிக்கு 'ராஜ் சார்', அக்கா பாவாயிக்கு மட்டும் 'சாமி'. கறுப்புப் பையைச் சுமந்து சுமந்து வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

[தோள் இறங்கியிருந்ததா என்று நான் கவனிக்கவில்லை. எழுதும்போது வந்தது. இருக்கட்டும்.]

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "திருச்செங்கோட்டு மலைமேல் மேகம் இறங்கியிருந்த ஒரு காலையில் சின்னராஜ் தன் பைக்கை..."

நிறுத்திவிட்டேன். சின்னராஜ் அந்த மலையை நிமிர்ந்து பார்த்துப் பல வருடம் இருக்கும். அந்த ஊரில் அவர் பார்ப்பதெல்லாம் டாக்டர் கார் வந்துவிட்டதா இல்லையா என்பதைத்தான்.

அடுத்தது: "மருந்து என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையை விற்பவன்..." சே. மைக்கைக் கொடுத்தால் விடமாட்டான் போலிருக்கிறது, எனக்குள்ளிருந்து பேசும் இவன்.

மூன்றாவது: "சின்னராஜ் கெட்டவர் இல்லை." இதை அடிக்க மனம் வரவில்லை. ஆனால் ஒருவரைப் பற்றி இப்படி ஆரம்பித்தாலே வாசிக்கிறவர் உஷாராகிவிடுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான்.

3

அவர் விற்றது ஒரு சிவப்புக் கேப்சூல். நரம்புக்குச் சத்து. [பெயர் வைக்கவில்லை. நான் கற்பனையாக யோசித்த பெயரையெல்லாம் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் போலிருந்தது.] அதனால் கெடுதல் கிடையாது. சாப்பிடுகிற முக்கால்வாசிப் பேருக்கு நல்லதும் கிடையாது. கெடுதல் இல்லை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டே அவர் இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டார்.

டாக்டர் முன்னால் நின்று ஒப்பிக்க அவருக்கு ஒரு பாடம் உண்டு. பேக்கரியில் எனக்கும் ஒப்பித்துக் காட்டினார். குரலே மாறிவிட்டது. "சர்க்கரை நோயாளிக்கு முதல்ல கால்ல எரிச்சல் வரும் டாக்டர். அடுத்து மதமதப்பு. கடைசியில உணர்ச்சியே போயிடும். எரிச்சல் நின்னுடுச்சுன்னு பேஷண்ட் சந்தோஷப்படுவாங்க டாக்டர். அதுதான் ஆபத்தே." கையோடு வைத்திருக்கும் படத்தில் ஒரு பாதம் இருக்குமாம். அதன்மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே சொல்வாராம்.

இந்த வேலையை எப்போது விட்டிருக்க வேண்டும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"பொடவ எடுக்கப் போனப்பவே உட்டிருக்கோணுங்க."

திருச்செங்கோட்டில் சந்திரசேகர் என்று ஒரு டாக்டர். [இவரும் நான் வைத்த பெயர்தான். தேட வேண்டாம்.] அவர் வீட்டில் ஒரு விசேஷம். டாக்டர் மனைவியைச் சேலை நெய்யும் ஊரான இளம்பிள்ளைக்கு அழைத்துப் போய்ப் பட்டு எடுத்து வரும் பொறுப்பு சின்னராஜுக்கு வந்தது. கடை கடையாக ஏறி இறங்கி, பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். ஒரு கடைக்காரர் அவரை டிரைவர் என்று நினைத்து, "நீங்க வெளிய உக்காருங்க தம்பி" என்றார். சின்னராஜ் வெளியே போய் உட்கார்ந்தார்.

"திட்டியிருந்தாக்கூட அன்னிக்கே உட்டிருப்பனுங்க. அந்தம்மா டீ வாங்கிக் குடுத்துட்டாங்க" என்றார்.

அடுத்த வாரம் சந்திரசேகர் அவர் தோளில் தட்டி, "இனிமே கால் எரிச்சல்னு யார் வந்தாலும் உங்களோடதுதான் ராஜ்" என்று சொன்னார். கம்பெனியில் நல்ல பெயர். வீட்டில் புது ஃபிரிட்ஜ். மகனை ஒரு இன்ஜினியரிங் காலேஜில் சேர்த்தார். யார் விடுவார்கள்? நான் விட்டிருக்க மாட்டேன்.

4

இப்போது கதையின் நடு இடம். இதைத் தாண்ட எனக்குப் பல நாள் பிடித்தது.

சந்திரசேகர் கிளினிக்குக்கு எதிரில் மாரியப்பனின் மருந்துக் கடை. சேலத்திலிருந்து மேனேஜர் நித்யஸ்ரீ வந்திருந்தார். சின்னராஜைவிட ரொம்பச் சின்னப் பெண். இருவரும் கல்லா ஓரத்தில், பால் பவுடர் டப்பாக்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். டாக்டர் சொன்னபடி எழுதுகிறாரா என்று வருகிற சீட்டுகளை ஓரக்கண்ணால் பார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம்.

ஒரு கை சீட்டை நீட்டியது. சந்திரசேகரின் எழுத்து. முதல் வரியில் சிவப்புக் கேப்சூல், தினம் இரண்டு வேளை, மூன்று மாதத்துக்கு.

சின்னராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாத்தீங்களா மேடம்!" என்றார்.

அதற்குப் பிறகுதான் கை யாருடையது என்று பார்த்தார்.

பாவாயி நின்றிருந்தாள். தறிப்பட்டறையில் ஷிப்டு முடிந்து அப்படியே வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

5

இந்த வரிசையை மாற்றிப் பார்த்தேன். முதலில் அக்காவைப் பார்க்கிறார், பதறுகிறார், பிறகு சீட்டைப் பார்க்கிறார், உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம், உடனே குற்ற உணர்வு. இப்படி எழுதினால் அவரை மன்னித்துவிடலாம். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன், நன்றாகவும் வந்தது.

ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. "சந்தோசந்தானுங்க மொதல்ல வந்துச்சு. அக்கா அப்பறந்தான் வந்தா" என்று சொன்னார். சொல்லும்போது டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

6

"சாமி, நீயும் இங்கதான் இருக்கறயா?" பாவாயிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீதான சொன்ன, இந்த டாக்டரு கெட்டிக்காரருன்னு. நின்னு நின்னு காலெல்லாம் ஒரே எரிச்சலு, அதான் வந்தன். உன்ற பேரச் சொன்னன் கண்ணு. 'அட, ராஜோட அக்காவா?'ன்னு சிரிச்சுப்போட்டு, அப்பறந்தான் எழுதுனாரு."

அதைக் கேட்டதும் சின்னராஜுக்குப் புரிந்தது. சந்திரசேகர் அவருக்கு மரியாதை செய்திருக்கிறார். தம்பியின் பெயரைச் சொன்னால் மற்றவர்களுக்குச் செலவு குறையும். பாவாயிக்குத் தம்பியின் மாத்திரை மூன்று மாதத்துக்குக் கூடியது.

சீட்டின் இரண்டாவது வரியில் சர்க்கரைக்கு ஒரு மாத்திரை இருந்தது. அக்காவுக்குச் சர்க்கரை இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும். இன்ன மாத்திரை போதும், இன்னது வேண்டாம் என்று அந்த வட்டாரத்திலேயே அவரைப்போல அடித்துச் சொல்லக்கூடியவர்கள் கொஞ்சப் பேர்தான்.

"இதக் கட்டாயம் சாப்பிடோணுமா சாமி?" அக்கா முதல் வரியைத் தொட்டுக் கேட்டாள்.

பக்கத்தில் மேனேஜர்.

"சாப்புடுக்கா. நல்ல மருந்து."

சொல்லிவிட்டுத் திரும்பினார். நித்யஸ்ரீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவுமே அவர் காதில் விழவில்லை. அடுத்த டாக்டர் வந்துவிட்டார் என்று மெசேஜ் வந்ததும் இருவரும் கிளம்பினார்கள்.

[நித்யஸ்ரீயைக் கெட்டவராக்கப் பார்த்தேன். "என்ன சார், ஃபேமிலி சென்டிமென்ட்டா?" என்று ஒரு வசனமும் எழுதினேன். அவர் பேசவே இல்லை என்பதுதான் சின்னராஜை இன்றுவரை அறுக்கிறது. அதனால் வசனத்தை எடுத்துவிட்டேன்.]

7

அடுத்த மாதம் மாரியப்பன் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "அன்னிக்கு உங்க அக்கா சர்க்கரை மாத்திரைய வாங்கலீங்க. 'காசு பத்தல, தம்பி மருந்த மட்டும் முழுசாக் குடுங்க, மத்தத அடுத்த வாரம் வந்து வாங்கிக்கறன்'னாங்க. வரவே இல்லீங்க."

சின்னராஜ் அங்கேயே அந்தச் சர்க்கரை மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றிருந்தார். போகவில்லை. கொடுத்தால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் முதல் மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாமே என்று நான் கேட்டேன். அக்கா உடனே போன் செய்வாளாம்.

வேலையை விடுகிற காட்சியை இங்கே வைக்கலாம் என்று பார்த்தேன்.

(அ) பையை மேனேஜர் காலடியில் வீசிவிட்டு விறுவிறுவென்று நடக்கிறார். இது நடக்கவில்லை. நடக்கவும் நடக்காது.

(ஆ) போனில் நித்யஸ்ரீயிடம், "நான் நின்னுக்கலாம்னு இருக்கேன் மேடம்" என்கிறார். அவர் தன்மையாக, "இந்த மூணு மாசக் குவார்ட்டர் முடியட்டும் சார், பேசிக்கலாம்" என்கிறார். இது நடந்தது. போனை வைத்ததும் தனக்கு நிம்மதியாக இருந்தது என்று சின்னராஜ் சொன்னார். அந்த நிம்மதியைச் சொல்லத்தான் அவர் அதிகம் கூசினார்.

(இ) குவார்ட்டர் முடிந்ததும் அவர்

இதை முடிக்க முடியவில்லை. குவார்ட்டர் முடிந்தது. அடுத்ததும் வந்தது. பையில் சர்க்கரை மாத்திரை கிடந்தது. டாக்டருக்குப் படம் எடுத்துக் காட்டும்போதெல்லாம் விரலில் அந்த அட்டை இடறும்.

8

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாக அக்கா வீட்டுக்குப் போனார்.

பாவாயி அவரைப் பேசவே விடவில்லை. கறி எடுத்திருந்தாள், தட்டில் அள்ளி அள்ளி வைத்தாள். "உன்ற மருந்து சாமி, அப்புடிக் கேக்குது! காலு எரிச்சலு இருந்த எடந்தெரியல. எங்க பட்டறையில இருக்கற பொம்பளைங்களுக்கெல்லாம் சொல்லிப்போட்டன். நாலஞ்சு பேரு வாங்கிச் சாப்புடறாளுங்க. என்ற தம்பி மருந்துன்னு சொன்னா எனக்குமே ஒரு பெருமதான?"

சின்னராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே குனிந்தார். அக்காவின் பாதத்தில் துணி சுற்றியிருந்தது. துணியில் ஈரம்.

"அது என்னக்கா?"

"முள்ளுடா. வேலியோரம் குத்தியிருக்குது. எப்பக் குத்துச்சுன்னே தெரியல பாரு. ராத்திரி காலக் களுவறப்பத்தான் ரத்தத்தப் பாத்தன். வலியே இல்ல."

எரிச்சல், அடுத்து மதமதப்பு, கடைசியில் ஒன்றுமில்லை. படத்தில் விரலை நகர்த்தி நகர்த்தி எத்தனையோ பேரிடம் சொன்னதுதான். எரிச்சல் நின்றுவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள் டாக்டர்.

கை கழுவினார். பையைத் திறந்து சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எதுக்குச் சாமி? அதான் உன்ற மருந்தே கேக்குதல்ல?"

"இருக்கா, டீ குடிச்சுப்போட்டு வாரன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பைக்கை எடுத்தார். பேக்கரியில் காலியாக இருந்தது என் எதிர் நாற்காலி ஒன்றுதான்.

9

ஆக, அவர் எல்லாம் முடிந்தபிறகு என்னிடம் பழங்கதை சொல்லவில்லை. அந்த நேரத்தில் அக்கா வீட்டில் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னா அப்பறம் இந்தப் பையத் தூக்க முடியாதுங்க. அது போவுட்டும், எப்பவோ போயிருக்க வேண்டியதுதான். ஆனா அவ பெருமையா ஊரெல்லாஞ் சொல்லி வெச்சிருக்கறா. காலும் அப்புடி இருக்குது. உடனே கூட்டிட்டுப் போவோணும், ஏன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போவோணும். நீங்க எழுதறவிங்க. எப்புடிங்க ஆரம்பிக்கறது? மொத வார்த்த என்னங்க சொல்றது?"

நான் கேட்டேன்: "முள்ளு குத்துனது எந்தக் காலுங்க?"

இதற்கு ஒரு சமாதானம் எழுதி வைத்திருந்தேன். பேச்சை இலகுவாக்கக் கேட்டேன், அக்கறையில் கேட்டேன் என்று. பொய். எரிச்சல் நின்ற கால் என்று அவர் சொன்ன மாத்திரத்திலேயே எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நல்ல கதை மாட்டியிருக்கிறது என்பதுதான் முதலில் வந்தது. பாவாயி அப்புறம்தான் வந்தாள்.

சின்னராஜ் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தில் இருந்தது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எடது" என்றார். என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார். பைக் அக்கா வீட்டுப் பக்கம் திரும்பியதா, வேறு பக்கம் போனதா என்று எனக்குத் தெரியாது. நான் குனிந்து 'இடது கால்' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அது நடந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று இங்கே சொல்லப்போவதில்லை. வெட்கமாக இருக்கிறது.

10

முடிவை நான் எழுதவில்லை. எனக்கு அந்தத் தகுதி போய்விட்டது. அவர் அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போனதாகவே வைத்துக்கொள்வோம். அக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அட்டை கையில் இருக்கிறது, மறுபடியும் கேட்கிறாள்: "இது எதுக்குச் சாமி?"

சின்னராஜ் சொன்னார்:

"அக்கா, ........................................................"

இந்த இடத்தை உங்களுக்காக விட்டிருக்கிறேன். அழகாக வர வேண்டியதில்லை. எழுதும்போது அவர் பக்கத்தில் மேனேஜரை நிறுத்தாதீர்கள். என்னையும் வேண்டாம்.

நாளைக்கு எழுதலாம் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்தக் கால் வலிக்காது. அக்கா உங்களை அவசரப்படுத்த மாட்டாள்.