சொல்லாமல் விட்ட மலை

என் புருஷன் அடெமாருக்கு எல்லாம் தெரியும். அவனுக்குத் தெரியாதது ஏதாவது இருந்தால் அது தெரிந்துகொள்ளத் தகுதியில்லாத விஷயம். பைசாண்டூ உயர்நிலைப் பள்ளியில் முப்பத்து நான்கு வருஷம் வானியல் சொல்லிக்கொடுத்தவன். உருகுவேயில் அது கட்டாயப் பாடம். மாடு மேய்க்கப் போகிறவனும் மருந்துக்கடை வைக்கப் போகிறவனும் சந்திரனின் கலைகளை எழுதிப் பாஸ் பண்ணியாக வேண்டும். அதனால் ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள பாதி ஊருக்கு அவன் வாத்தியார். கறிக்கடையில் அவனை வரிசையில் நிற்க விடமாட்டார்கள். வீட்டிலும் அவன் வாத்தியார்தான். வீட்டு வகுப்பில் ஒரே மாணவி நான், நாற்பது வருஷமாக ஃபெயில்.

இப்படிப்பட்டவன் முழு சூரிய கிரகணத்தை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. கரும்பலகையில் ஆயிரம் தடவை வரைந்திருப்பான். 1994இல் மற்ற ஆசிரியர்கள் வண்டி பிடித்து பிரேசிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்போது எங்கள் மகள் பிறந்து பதினோரு நாள். "பதினோரு நாள்" என்று மட்டும் சொல்லி நிறுத்துவான், மீதியை நான் புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை பெற்றதற்கு நாள் குறித்துக் குற்றம் சொன்ன ஆள் உலகத்திலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

2018இல் அவனுக்குக் கண் போக ஆரம்பித்தது. இடது கண்ணில் நடுப்பகுதி ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது, இந்த வகைக்கு மருந்து இல்லை, ஒரு வருஷம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றரை வருஷம் என்றார் மான்டிவிடியோ டாக்டர். அடெமார் உடனே மனதுக்குள் கணக்குப் போட்டான். 2019 ஜூலை இரண்டாம் தேதி, அர்ஜென்டினாவில் சான் ஹுவான் பக்கம் முழு கிரகணம். அதற்கடுத்தது 2020 டிசம்பரில், அதற்குள் கண் இருக்காது. "அப்ப இது ஒண்ணுதான், கிழவி" என்றான். பஸ்ஸில் ஊர் திரும்பும் வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதையில் நான் வெறும் ராட்சசியாகிவிடுவேன்.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடமில்லை. வரைபடங்கள், இருபது வருஷ மேகக் கணக்கு, பஸ் கம்பெனிக் கடிதங்கள். முப்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலும் அவனுடைய பழைய மாணவர்கள். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். மருந்துக்கடை ஹெபெர் ஒரு யோசனை சொன்னான்.

"வாத்தியாரே, மலைப்பக்கம் போறதுக்கு முன்னாடியே பெரிய சமவெளி ஒண்ணு இருக்கு. கூடாரம் போட்டுத் தர்றாங்களாம். கழிப்பறைகூட உண்டாம்."

"அங்க எத்தனை வினாடி மறையும்?"

"ரெண்டு நிமிஷம் பத்து."

"நான் பாத்து வச்சிருக்கற பண்ணை சரியா நிழல் பாதையோட நடுக்கோட்டு மேல இருக்கு. ரெண்டு நிமிஷம் முப்பது. கழிப்பறைக்காக இருபது வினாடிய விக்கச் சொல்றியா ஹெபெர்?"

எல்லோரும் சிரித்தார்கள். கை மாறிச் சுற்றி வந்துகொண்டிருந்த மாத்தே கஷாயக் குடுவைக்கு வெந்நீர் ஊற்றப் போன நான், எனக்கும் வாய் இருக்கிறதே என்று கேட்டுவிட்டேன்.

"ஒரே ஒரு நாள் முன்னாடி போய்ச் சேர்ற மாதிரி வச்சிருக்க. பஸ் வழியில படுத்துக்கிச்சுன்னா? இன்னும் ரெண்டு நாள் முன்னாடியே கிளம்பினா என்ன?"

"சுல்மா, சூரியனை நான் பாத்துக்கறேன். நீ பிஸ்கோச்சோவைப் பாத்துக்கோ. அடுப்புல கருகுது."

மறுபடியும் சிரிப்பு. அடுப்பில் அந்தக் கேக் ஒன்றும் கருகவில்லை. அதைத் தட்டில் எடுத்து மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சான் ஹுவானிலிருந்து போன் வந்தது. அந்தப் பண்ணையின் சொந்தக்காரி, எவுலோகியா. அடெமார் வீட்டில் இல்லை.

"வாத்தியாரம்மாவா? மெத்தை இருபத்தாறுதான் தேறுது. மீதி ஆளுங்க கம்பளிய விரிச்சுப் படுத்துக்குவாங்களா?"

"படுத்துக்குவாங்க."

"இன்னொரு சமாச்சாரம். கிரகணம் அஞ்சு நாப்பதுக்குன்னு வாத்தியாரு எழுதியிருக்காரு. எங்க வீட்டாண்ட ஜூலை மாசத்துல அஞ்சு இருபதுக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால போயிடும்மா. கோழியெல்லாம் அடைஞ்சிடும். பெரிய படிப்புப் படிச்சவரு, அவருக்குத் தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றேன்.

போனை வைத்ததும் குளிர்சாதனப் பெட்டியில் அவன் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். ஜூலை 2, சூரிய அஸ்தமனம் ஆறே முக்கால். அவன் அட்டவணை பொய் சொல்லவில்லை. தரை தட்டையாக இருந்தால் ஆறே முக்கால்தான். எங்கள் நாட்டில் எங்கே நின்றாலும் தரை தட்டைதான். இங்கே இருப்பதிலேயே உயரமான குன்றில் ஏறி நின்றாலும் கீழே மேயும் மாட்டின் கொம்பு தெரியும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்து, அங்கேயே சூரியன் இறங்குவதைப் பார்த்துப் பார்த்து வாத்தியாரானவனுக்கு, சூரியனுக்கு முன்னால் ஒரு மலை வந்து நிற்கும் என்று தோன்றவே இல்லை. மேகத்தை இருபது வருஷத்துக்குத் தேடிப் பார்த்தவன் மலையைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வந்தான். சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"சான் ஹுவான் அம்மா பேசினாங்க."

"மெத்தை விஷயமா?"

"மெத்தையும்தான். இன்னொண்ணும் சொன்னாங்க, அங்க கோழியெல்லாம்..."

"சுல்மா!" கையை உயர்த்தினான். "மெத்தை, கம்பளி, கோழி, எல்லாம் உங்க ரெண்டு பேருக்குள்ள வச்சுக்குங்க. என் தலையில இருக்கறது உனக்கு ஏறாது. உன் தலையில இருக்கறது எனக்கு வேண்டாம்."

"சரி" என்றேன்.

முதல் நாள் கோபத்தில் சொல்லவில்லை. மறுநாளும் கோபம் இருந்தது. மூன்றாம் நாள், ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பானே என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் அது எனக்குள் உட்கார்ந்து ருசிக்க ஆரம்பித்துவிட்டது. முதல் தேதி மாலை பண்ணைக்குப் போய்ச் சேருவோம். அஞ்சு இருபதுக்கு முப்பத்திரண்டு பேர் முன்னால் சூரியன் மலைக்குப் பின்னால் போகும். வாத்தியார் முகம் தக்காளியாகும். மறுநாள் முழுக்க நேரம் இருக்கிறது, எல்லோரும் சமவெளிக்கு இறங்கிவிடலாம். அவன் கிரகணத்தைப் பார்ப்பான், நான் அவன் முகத்தைப் பார்ப்பேன். அவன் பயணத்துக்குத் திட்டம் போட்டான், நான் அவன் அவமானத்துக்குத் திட்டம் போட்டேன். பஸ் வழியில் படுத்துக்கொள்ளும் என்று எச்சரித்தவளே நான். என் திட்டத்தில் மட்டும் அது படுக்காது என்று நம்பினேன்.

ஜூன் முப்பதாம் தேதி கிளம்பினோம். இரண்டாவது ஓட்டுநரின் அனுமதிச் சீட்டு காலாவதியாகியிருந்ததால் எல்லைப் பாலத்தில் ஒன்பது மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். கோர்டோபா தாண்டியதும் எஞ்சின் பெல்ட் அறுந்தது. அது கிடைத்து மாட்டுவதற்குள் முதல் தேதி போயே போய்விட்டது. அடெமார் அசரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, மறையும் கடைசி நொடியில் வைரம் வைத்த மோதிரம்போல ஒளி வரும், அப்புறம் வெள்ளை மயிர்போலச் சுற்றிலும் விரியும், அதை மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம் என்று பாடம் நடத்திக்கொண்டே வந்தான்.

இரண்டாம் தேதி காலை பத்து மணி இருக்கும். அவன் கண்ணாடிச் சன்னலில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இப்போதாவது சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோளைத் தட்டினேன்.

"அடெமார்."

"என்ன கிழவி?" கண்ணைத் திறந்ததும் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. "இன்னும் ஏழரை மணி நேரம். பயமா இருக்கு. சின்னப் பையன் மாதிரி இருக்கு."

மே மாதத்திலிருந்தே எனக்குத் தெரியும் என்று அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது?

"மாத்தே வேணுமா?" என்று கேட்டேன்.

மூன்று மணிக்குச் சமவெளியைக் கடந்தோம். நூற்றுக்கணக்கில் கூடாரங்கள், கார்கள், தட்டு போலப் பரந்த தரை. ஹெபெர் எழுந்து நின்று கத்தினான்.

"வாத்தியாரே, இங்கயே இறங்கிடலாமா? கழிப்பறை கூப்பிடுது!"

"இருபது வினாடிடா, மடையா!" என்று அடெமார் திருப்பிக் கத்தினான். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. யாரும் என் வாயை அடைக்கவில்லை. முப்பத்திரண்டு பேர் முன்னால் சொல்ல வேண்டியிருக்குமே என்ற வெட்கம்தான் அடைத்தது. அது வெட்கம்தான், வேறு நல்ல பெயர் கொடுக்க நான் தயாராக இல்லை.

நாலே காலுக்குப் பண்ணையில் இறங்கினோம். மலை வீட்டுக்குப் பின்னாலேயே நின்றது, சுவர் மாதிரி. அடெமார் கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தில் வைத்தான். ஒரு முஷ்டி என்றால் பத்து டிகிரி, ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவன் சொல்லிக்கொடுத்த அளவு. அதற்கு மேல் இரண்டு விரல் வைத்தான். மலை அதற்கும் கொஞ்சம் மேலே போயிற்று. கிரகணம் நடக்கும்போது சூரியன் பதினோரு டிகிரியில் இருக்கும் என்று அவனே எங்களுக்கு நூறு முறை சொல்லியிருக்கிறான். கை கீழே இறங்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"இங்க சூரியன் எத்தனை மணிக்குப் போகும்?" என்று எவுலோகியாவிடம் கேட்டான்.

"அஞ்சு இருபதுக்கு. அன்னிக்கே அம்மாகிட்ட போன்ல சொன்னேனே வாத்தியாரையா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடெமாரும் பார்த்தான். அப்புறம் அவர்கள் பக்கம் திரும்பினான்.

"ஆமா, சொன்னா. நான்தான் காதுல வாங்கல. தப்பு என்னுது. எல்லாரும் ஏறுங்க, கிளம்பலாம்."

கிளம்பி என்ன பிரயோஜனம். ஒரு வண்டி போகும் மண்பாதை. கிரகணம் பார்க்க வந்த கார்கள் இருபுறமும் நிறுத்தி வழியை முக்கால்வாசி அடைத்திருந்தன. ஒரு மணி நேரத்தில் ஆறு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. மலையின் நிழல் எங்களைவிட வேகமாகச் சமவெளியை நோக்கிப் போனது. அஞ்சரைக்கு ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டார். இறங்கி நின்றோம்.

அஞ்சு நாற்பதுக்கு இருட்டிற்று. விளக்கை அணைத்ததுபோல அல்ல, யாரோ உலகத்தை மூடியதுபோல. கிழக்கே வியாழன் கிரகம் தெரிந்தது. மலையின் உச்சிக்குப் பின்னால் லேசான வெளிச்சம், அவ்வளவுதான். தூரத்தில் சமவெளியிலிருந்து கார் ஹாரன்களும் கூச்சலும் கேட்டன. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெபெர் குலுங்கிக் குலுங்கி அழுதான். அடெமார் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மலைக்குப் பின்னால் அது எங்கே இருக்குமோ அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வெளிச்சம் திரும்பியதும் கைக்கடிகாரத்தை முகத்தருகே கொண்டுபோனான்.

"ரெண்டு நிமிஷம் முப்பது. கணக்கு சரியா இருக்கு" என்றான்.

அடுத்த ஆண்டு டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. இப்போது அவனால் நேராகப் பார்க்க முடியாது. யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் முகத்தை ஒருபக்கம் திருப்பிக் கண்ணின் ஓரத்தால் பார்க்கிறான். கறிக்கடைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறான். அங்கே யாராவது சான் ஹுவான் பேச்சை எடுத்தால் உடனே, "சுல்மா சொன்னா, நான்தான் கேக்கல" என்கிறான். "பொம்பளை சொன்னா கேக்கணும் வாத்தியாரே" என்று கசாப்புக்காரன் சிரிக்கிறான். பெண்கள் என் கையைத் தட்டிக்கொடுக்கிறார்கள். ஊரில் எனக்கு இப்போது நல்ல பெயர்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் அவனுக்குக் கறியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். இனி தாங்காது என்று தோன்றியது.

"அடெமார், அந்த மலை விஷயம். நான் உன்கிட்ட சொல்லவே இல்ல."

முகத்தை ஒருபக்கம் திருப்பினான், என்னைப் பார்ப்பதற்காக.

"சொல்லியிருப்ப, கிழவி. நீ சொல்லாம இருக்கற ஆளா? நான் கேட்டிருக்க மாட்டேன். நாப்பது வருஷமா நீ சொன்ன எதை நான் கேட்டேன்?"

"இல்ல அடெமார், நிஜமாவே..."

"விடு. எனக்குப் பரிஞ்சு பேசாத." மேஜையில் தடவித் தடவி என் கையைக் கண்டுபிடித்தான். "அன்னிக்கு அத்தனை பேர் முன்னால உன்னை பிஸ்கோச்சோவைப் பாருன்னு சொன்னேன். தினமும் அதை நினைக்கறேன். மன்னிச்சிடு சுல்மா."

நாற்பது வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. இன்னொரு முறை சொல்லிப் பார்த்திருக்கலாம். உரக்கச் சொல்லியிருக்கலாம். என் கை அவன் கைக்குள் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.