மாத்திரை நிறுத்திய கர்க்கடகம்

சஜீவன் தன் ரத்தப் புற்றுநோய்க்கு ஏழு வருடமாகத் தினம் ஒரு மாத்திரை விழுங்கினான். கடைசி சில வருடங்களாக ரத்தத்தில் நோயின் தடமே இல்லை. இடவ மாதத்தில் டாக்டர் நஸீமா சொன்னார்: "நிறுத்திப் பாக்கலாம். மாசாமாசம் ரத்தம் குடுக்கணும். திரும்பி வந்தா மறுபடி மாத்திரை, அவ்வளவுதான். பயப்பட ஒண்ணுமில்ல."

கூட வந்திருந்த மனைவி ஷீபாவுக்குத் 'திரும்பி வந்தா' மட்டும்தான் காதில் விழுந்தது.

மாத்திரையை விட்டதும் கண்ணைச் சுற்றியிருந்த வீக்கம் வடிந்தது. பய்யன்னூர் டிப்போவில் அவன் கண்டக்டராகப் போகும் பஸ்ஸின் டிரைவர் முஸ்தபா, "எடா தவளை, மனுஷ மூஞ்சி வந்துடுச்சே!" என்றான். ஓடும் பஸ்ஸில் கெண்டைக்கால் சுருட்டி இழுப்பதும் நின்றது.

பிறகு வேறு வலி வந்தது. முட்டி, தோள், விரல் மூட்டு. டாக்டர் அசரவில்லை. "மாத்திரைய விட்டா சிலருக்கு இப்படி வரும். நோய் இல்ல. தானா போயிடும்."

போகவில்லை. இரவில் புரண்டு படுக்கும்போதெல்லாம் அவன் முனகினான். பக்கத்தில் ஷீபா விழித்தே கிடந்தாள்.

கர்க்கடகம் பிறந்தது. ஊரே மருந்துக்கஞ்சியும் கஷாயமுமாக உடம்பைத் தேற்றும் மாதம். ஷீபாவும் வைத்தியர் கடையில் பொடி வாங்கி, இரவுச் சாப்பாடு முடிந்ததும் கஷாயம் கொடுத்தாள். நாக்கு சுருண்டுகொள்ளும் கசப்பு. ஆனால் வலி விட்டது. சஜீவன் டிப்போ முழுக்க வைத்தியர் புகழ் பாடினான். முதுகுவலிக்காரனான முஸ்தபாவும் அதையே வாங்கிக் குடித்தான்.

"எனக்கு வயித்தாலதான்டா போகுது. உனக்கு மட்டும் எப்படி?"

மாதக் கடைசியில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நோய் இல்லை. முஸ்தபா எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தான்.

மறுநாள் காலை முகம் மழிக்கக் கண்ணாடி முன் நின்றவன் கத்தியைக் கீழே வைத்தான். இமைகள் வீங்கியிருந்தன. அந்த வீக்கத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"ஷீபா, மிச்ச மாத்திரைய ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுக்கச் சொன்னேனே. குடுத்தியா?"

அவள் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள்.

"எடி, உன்னத்தான்."

"கஷாயத்துலதான் கரைச்சேன்" என்றாள். "நீங்க ராத்திரி முனகறீங்க. அது நோய் இல்லன்னு டாக்டர் சொல்லுவா. கேட்டுட்டுப் படுத்திருக்கறது நானில்லியா?"

"அப்போ அந்த ரிசல்ட்டு? பழம்பொரி தின்னானுங்களே அத்தன பேரும்! நோய் தானா நின்னுச்சா, மாத்திரையால நின்னுச்சான்னு இனி எந்தக் கடவுள் சொல்லும்?"

"எப்படியோ நின்னுச்சில்ல, ஏட்டா."

அவனுக்கு எதையாவது எடுத்து எறிய வேண்டும்போல இருந்தது. கைக்கெட்டியது தேங்காய் மூடி மட்டும். எறியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நஸீமா நடந்ததைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஷீபாவைத் திட்டவில்லை. அதுவே சஜீவனுக்கு எரிச்சலாக இருந்தது.

"இந்த டெஸ்ட்ட கணக்குல எடுக்க முடியாது. நிறுத்தறதா இருந்தா இன்னையிலேர்ந்துதான் முதல் மாசம். வேணாம்னா மாத்திரையவே வெளிப்படையாத் தொடருங்க. யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க."

"நிறுத்தறேன்" என்றான். ஷீபா சுவரைப் பார்த்தாள்.

கஷாயம் நின்றது. மாத்திரைகளை அவனே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தான். அடுத்த சிங்ங மாதம் பாதிகூட ஆகவில்லை, முட்டி பிடித்துக்கொண்டது. ஓணத்துக்குத் துணி எடுத்துவிட்டு இருவரும் திரும்பிய அன்று, பஸ் படியில் கால் மடங்கவில்லை. முன்னால் இறங்கியவள் திரும்பிக் கை நீட்டினாள்.

"வலிக்குதா ஏட்டா?"

வலிக்கிறது என்றால் இன்றிரவு அவள் தூங்க மாட்டாள். தூங்காமல் என்ன யோசிப்பாள் என்பதும் அவனுக்குத் தெரியும். இனி இந்த வீட்டில் யாரிடம் முனகுவது?

"இல்லையே" என்றான். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கினான்.