மூச்சுக்கு விழுந்த பொத்தான்

பொத்தான் முதலில் விழுந்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

தையல்காரி "ஆ" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் தகர டப்பாவில் டிங் என்று கேட்டுவிட்டது. தன் பிரமை என்றுதான் முதலில் நினைத்தாள். விடிந்ததிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை, பிரமை வராமல் என்ன செய்யும்? அடுத்து "ஊ" சொல்லப் போனாள். மறுபடியும் டிங். "ஊ" அதன் பின்னால்தான் வந்தது.

தினமும் காலையில், துணி தைக்கக் கொடுப்பவர்கள் வந்து கதவைத் தட்டுவதற்கு முன்னால், இந்தப் பரிசோதனை நடக்கும். ஐந்து வயது மகளை முக்காலியில் உட்கார வைத்து, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆறு ஒலிகளைச் சொல்ல வேண்டும்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். ஒலி கேட்கும்போதெல்லாம் குழந்தை ஒரு பொத்தானை டப்பாவில் போட வேண்டும். எதிரே, வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி. அதில் உதட்டசைவு தெரிந்துவிடக் கூடாது என்று தையல்காரி ஒரு லைனிங் துணியால் வாயை மூடிக்கொள்வாள். அந்த விஷயத்தில் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பவள்.

ஆறு பொத்தானும் விழுந்தன. நோட்டில் 'ஆறுக்கு ஆறு' என்று எழுதினாள். எட்டு மாதமாக அந்த நோட்டில் வேறு எண்ணே கிடையாது. மாதாமாதம் காட்டுவதுபோல் நாளையும் இதை மருத்துவமனையில் காட்ட வேண்டும். குழந்தையைச் சாதாரணப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று நாளைக்குத்தான் சொல்வார்கள்.

குழந்தைக்கு வீட்டில் குண்டூசி என்று பெயர். அவ்வளவு ஒல்லி, பார்வையும் அவ்வளவு கூர்மை. பிறவியிலேயே காது கேட்காது. தலைக்குள் கருவி வைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு முன் ஸ்கேன் எடுத்த டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "காதுலேருந்து மூளைக்குப் போற நரம்பு இவளுக்கு நூல் மாதிரி மெலிசா இருக்கும்மா. கருவி வெச்சா சிலருக்குப் பேச்சே புரியுது. சிலருக்குச் சத்தம்னு தெரியும், என்ன சத்தம்னு தெரியாது. சிலருக்கு அதுவும் இல்ல. வெச்சுப் பார்க்கலாம். ஆனா கைமொழியையும் கூடவே கத்துக்கொடுத்துடுங்க."

நூல் என்றதும் தையல்காரிக்குத் தைரியம் வந்துவிட்டது. நூல்தானே மொத்தத் துணியையும் பிடித்து வைத்திருக்கிறது! டாக்டர் கடைசியாகச் சொன்னதை மட்டும் வசதியாக மறந்தாள். கைமொழி வகுப்பின் விலாசம் எழுதிய தாளை, காதும் காதும் வைத்தாற்போல் தையல் மெஷினின் இழுப்பறைக்குள் போட்டுவிட்டாள்.

அதற்குக் காரணம் மாடியில் குடியிருந்த அண்ணி, அதாவது கணவனின் அக்கா. "கையை ஆட்டிப் பேச விட்டியோ, அப்புறம் வாயே திறக்க மாட்டா. நாலு பேரு பார்த்தா ஊமைன்னு முத்திரை குத்திடுவாங்க. கை எழும்பினா ஒண்ணு போடு." லாரி ஓட்டப் போய்விடும் கணவன் வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். அண்ணி சொன்னதே சட்டமாயிற்று. தையல்காரியும் போட்டாள். வலிக்கிற மாதிரி இல்லை, ஆனால் தினமும் போட்டாள்.

நோட்டை மூடிவிட்டு அலமாரிப் பக்கம் போனவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தையின் கருவிக்கு இரண்டு பேட்டரி. ஒன்று காதில் இருக்கும், மற்றது சார்ஜ் ஆகும். இப்போது இரண்டும் சார்ஜரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. நேற்று மாலை கழற்றி வைத்தது அவளேதான். மாட்ட மறந்ததும் அவளேதான்.

அப்படியானால் குழந்தையின் காதில் இருப்பது வெறும் கூடு. நேற்று மாலையிலிருந்து அதற்குள் ஒரு சத்தமும் போகவில்லை. ஆனால் சற்று முன்பு ஆறுக்கு ஆறு.

 மெல்ல வந்து மகளின் பின்னால் பழைய இடத்தில் நின்றாள். லைனிங் துணியால் வாயை மூடினாள். மூச்சை இழுத்தாள். எதுவுமே சொல்லவில்லை.

டிங்.

மறுபடி மூச்சை இழுத்தாள். டிங்.  மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். பொத்தானைப் பிடித்த குழந்தையின் கை டப்பாவுக்கு மேல் அந்தரத்தில் அசையாமல் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தாங்க முடியாமல் அவள் மூச்சு விட்டு இழுத்த அந்தக் கணத்தில், டிங்.

குழந்தை கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தது. புருவத்தைத் தூக்கி, ஒரு விரலால் காதைத் தொட்டு, வாயை அகலத் திறந்து ஒரு சிரிப்பு. குழந்தையின் சிரிப்பே இல்லை அது. 'கேட்டுச்சா கண்ணு!' என்று தையல்காரி தினமும் பூரித்துப் போகும்போது அவள் முகத்தில் வருகிற சிரிப்பு. மடிப்புக்கூடக் கலையாமல் அது அந்தச் சின்ன முகத்தில் உட்கார்ந்திருந்தது.

அவள் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். பெற்ற பிள்ளையைப் பார்த்தா பயப்படுகிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது. அப்போது தையலறையிலிருந்து மறுபடியும் சத்தம் வந்தது. டிங். சற்று நேரம் கழித்து, டிங். அங்கே குழந்தையைத் தவிர யாரும் கிடையாது.

திரையை விரலால் விலக்கிப் பார்த்தாள்.

துணி மாட்டி வைக்கும் பொம்மை ஒன்று மூலையில் நிற்கும். தலை இல்லை, கையும் இல்லை. அதன் கழுத்தில் ஒரு பழைய இஞ்சு டேப் தொங்கியது. குண்டூசி அதன் எதிரே முக்காலியில் உட்கார்ந்து, டேப்பின் நுனியை மெல்லத் தூக்குவாள், பொத்தானைப் போடுவாள், தலையில்லாத பொம்மையைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரிப்பாள்.

தையல்காரி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் குளித்ததும் போட்டுக்கொள்ளும் இஞ்சு டேப் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சை இழுத்தாள். நெஞ்சோடு சேர்ந்து டேப்பும் ஏறியது. வாயைத்தான் மூடினாளே தவிர, மூச்சை யார் மூடுவது? ஒவ்வொரு ஒலிக்கும் முன்னால் அம்மாவின் டேப் ஏறுவதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத்தான் குண்டூசி பொத்தான் போட்டிருக்கிறாள், எட்டு மாதமாக. அம்மா சிரிக்க வேண்டும் என்பதற்காக.

பயம் போனது. அதன் இடத்தில் வந்தது பயத்தைவிட மோசமாக இருந்தது.

உள்ளே குண்டூசி முக்காலியிலிருந்து இறங்கினாள். பொம்மையின் முன்னால் நின்றாள். அவள் கைகள் எழும்பின, பறந்தன. விரல்கள் மடங்கி, விரிந்து, ஒன்றையொன்று தொட்டு, வீட்டில் யாருக்கும் தெரியாத ஏதோ ஒன்றை மடமடவென்று சொல்லிக்கொண்டே போயின. தட்டிவிடக் கையில்லாத ஒரே ஆள் அந்த வீட்டில் அந்தப் பொம்மைதான்.

அந்தப் பேச்சுக்கு நடுவே ஒரு சைகை திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு கைகளையும் கழுத்துக்கு இருபுறமும் வைத்து, நெஞ்சு வழியாகக் கீழே இழுத்துவிடுவாள். தையல்காரிக்கு அது நன்றாகத் தெரியும். சட்டையைப் பிடித்து இழுக்கிற கெட்ட பழக்கம் என்று அவள் அதிகமாகத் தட்டிவிட்டது அதைத்தான். அடுப்படியில் நிற்கும்போது வந்து செய்வாள். காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூடச் செய்தாள்.

கழுத்தின் இருபுறமும் தொங்குகிற டேப்.

அது அவளுடைய பெயர். எந்த வார்த்தையைக் கேட்க இரண்டு வருடமாகத் தவம் கிடந்தாளோ, அந்த வார்த்தை. அதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் கையில் ஒன்று போட்டிருக்கிறாள்.

கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்ட குழந்தை சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, காது கேட்ட சிரிப்பை முகத்தில் போட்டுக்கொண்டது. தையல்காரி மண்டியிட்டாள். டேப்பைக் கழற்றிக் கீழே போட்டாள். குழந்தையின் முகம் மிரண்டது. இனி எப்போது கேட்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? தையல்காரி தன் இரண்டு கைகளையும் கழுத்தருகே வைத்து நெஞ்சு வழியாகக் கீழே இழுத்தாள். யார் என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள்.

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த ஒரு சின்ன விரல் அவள் மூக்கைத் தொட்டது.

மறுநாள் மருத்துவமனையில், சத்தம் புகாத கண்ணாடி அறையில், பேட்டரி மாட்டிய கருவியோடு குழந்தையைச் சோதித்தார்கள். காது கேட்கும் திறனைச் சோதிக்கிற மேடம் வெளியே வந்து, அண்ணியும் தையல்காரியும் இருந்த பெஞ்சில் தானும் உட்கார்ந்தாள்.

"மேளச் சத்தம், கதவு அடிக்கிற சத்தம் தெரியுது. பேச்சு புரியலம்மா. நரம்பு அவ்வளவுதான் கொண்டுபோகுது. உங்க நோட்டை நம்பி நானும் சும்மா இருந்துட்டேன், அது என் தப்பு. கருவியைக் கழட்ட வேண்டாம், ரோட்ல ஹாரன் சத்தமாவது தெரியட்டும். ஆனா இனிமே ஒரு நாள்கூட மொழி இல்லாம இவளை வெச்சிருக்காதீங்க."

தையல்காரி கசங்கிப்போன விலாசத் தாளை எடுத்து நீட்டினாள். "இந்த வகுப்பு இன்னும் இருக்கா மேடம்?"

"நல்லா இருக்கே!" அண்ணி குறுக்கே பாய்ந்தாள். "ஊர் என்ன சொல்லும்? இவ்வளவு செலவு பண்ணி ஆபரேஷன் செஞ்சு, கடைசியில..."

குண்டூசி அண்ணியைச் சுட்டிக்காட்டி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் சேர்த்துச் சேர்த்துப் பிரித்தாள், ஓயாமல் திறந்து மூடுகிற வாய் மாதிரி.

"என்னவாம் இவளுக்கு?"

"உங்க பேரு, அண்ணி. உங்களைக் கூப்பிடறா."

மேடம் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பினாள். அண்ணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் அந்தச் சின்னக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையில் எத்தனை அடி போட்டிருப்பாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது.

"எத்தனை நாளா... எத்தனை நாளா என்னைக் கூப்பிடறா?"

"ரெண்டு வருஷமா, அண்ணி. இதையும் நாம தட்டிவிட்டுட்டே இருந்தோம். எட்டு மாசமா, வெறும் கூடு காதுல இருந்தப்பக்கூட, நம்ம சந்தோஷத்துக்காகக் கேட்ட மாதிரி நடிச்சிருக்கா, அஞ்சு வயசுக் குழந்தை. பேச்சு வாயிலதான் வரணும், காதுலதான் போகணும்னு புள்ளைங்களைக் கட்டிப்போடறது பாவம். எந்த வழியில வருதோ அந்த வழியில போய் நாம நிக்கணும். அவளுக்குக் கேக்கலைன்னு ஊர் ஊரா அலைஞ்சோமே, ரெண்டு வருஷமா அவ பேசப் பேசக் கேக்காம இருந்த செவிடுங்க நாமதான்."

 அண்ணி வாயை மூடியிருந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். மடியில் கிடந்த அவள் கை மெல்ல எழும்பியது. விரல்கள் தயங்கித் தயங்கி ஒருமுறை திறந்து மூடின. நான்தான், என்பதுபோல்.

குண்டூசி சிரித்தாள். இந்த முறை அது அவளுடைய சிரிப்பாகவே இருந்தது.